பைபருக்கு வைத்த எண்ணெய்

எங்கள் பைபர் படகின் அடியில் விழுந்த விரிசல் வெளியே பார்க்க ஒரு சாண் நீளம்தான். மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருந்தபோது முகத்துவாரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரியும் கடலும் சேரும் அந்த வாயில் மண் மேடிட்டுக் கிடந்தது. அலை இறங்கிய சமயத்தில் படகு எதன்மேலோ உட்கார்ந்து எழுந்தது. மணல்தான் என்று நினைத்துப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் கரையேற்றிக் கவிழ்த்த பிறகுதான் மச்சான் விரலை வைத்துக் காட்டினான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அந்தப் படகில் நானும் அவனும்தான் போய்வருவோம்.

"இன்னா மாமா, தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுது பாரு."

"கீறலா இருக்கும்டா."

"கீறல்ல எறும்பு நுழையுமா? நுழையுது பாரு."

எறும்பு வரிசையாக நுழைந்துகொண்டுதான் இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பைபரை எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். என் நைனா கட்டுமரத்தில் போனவர். கட்டுமரம் அருமையாக இருந்தது என்று இப்போது சொல்கிறவர்கள் அதை ஒரு நாளும் மணலில் இழுக்காதவர்கள். மரம் தண்ணீர் குடிக்கும். ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். உப்புத் தண்ணீரில் ஒரு புழு உண்டு, மரத்துக்குள் புகுந்து ஓசையில்லாமல் தின்னும். வெளியே பார்த்தால் மரம், உள்ளே சல்லடை. பைபரை எந்தப் புழுவும் தின்னாது. அது தண்ணீர் குடிக்காது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கும், அவ்வளவுதான்.

வலையும் அப்படியே. பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி ஊறவைத்து வாழ்நாளே போகும் என்று நைனா சொல்வார். நைலான் வலை நனைந்தபடியே குவிந்து கிடந்தாலும் அழுகாது. நரம்பு வலை என்று ஒன்று வந்தது. அதைத் தண்ணீருக்குள் விட்டால் நம் கண்ணுக்கே தெரியாது, மீன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? என் மனைவி மூங்கில் கூடையில் மீன் சுமந்த நாட்களில் கூடையிலிருந்து ஒழுகும் தண்ணீர் அவள் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பிளாஸ்டிக் டப் வந்த பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதல் நாள் டப்பைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், "இன்னிக்கு ஒரு டீச்சரம்மா என் பக்கத்துல குந்தினு வந்தாங்க" என்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. இதையெல்லாம் கண்டுபிடித்தவர் யாரோ, எந்த தேசமோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கங்கையம்மனிடம் சொல்லிக்கொள்வேன்.

பைபர் வேலை என்றால் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் எல்லோரும் ஆரம்பாக்கத்து மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையில் கிடக்கும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரிப்பேர் வேலை வரும். எங்கள் முறை தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் வந்தது. டூவீலரின் பின்னால் இழையை ஒட்டும் ரெசின் பிசின் கேனைக் கட்டிக்கொண்டு, வைகாசி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு வந்து இறங்கினார். கண்ணாடி இழை மேலே பட்டால் அரிக்கும், அதற்காக. தொப்பியைக் கழற்றிவிட்டுப் படகின் முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு தேய்த்து அறுக்கிற கை கிரைண்டரை எடுத்து ஒரு சாண் விரிசலை இரண்டு முழக் குழியாக்கிவிட்டார்.

நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன்.

"இன்னா மேஸ்திரி, சின்ன கோட்டுக்கு இம்மாம் பெரிய பள்ளம் தோண்டிட்ட?"

"வெளியிலதாண்ணா சின்னது. உள்ள எங்கெங்க பிரிஞ்சிருக்குன்னு பாக்க வேணா? பிரிஞ்சதெல்லாம் எடுக்கணும். அப்பால ஓரத்தைச் சரிவாத் தேய்க்கணும். அப்பதான் புதுசும் பழசும் ஒண்ணு மேல ஒண்ணு படுக்கும்."

"மேல ஒரு ஒட்டு போட்டா ஆவாதா?"

"அது பங்சரு கடை. நான் அந்த வேலை பாக்கல."

அவர் வேலையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இழையைப் பாய் மாதிரிப் பின்னாமல் அழுத்தி வைத்த ஒரு விரிப்பு, அதை மேட் என்பார்கள். துணி மாதிரி நெய்த இன்னொரு விரிப்பும் உண்டு. மேட்டிலிருந்து ஒரு இழையை உருவி என் கையில் கொடுத்தார். பூனை முடிபோல வளைந்தது. பிறகு பழைய கிண்ணத்தின் அடியில் தனியாக இறுகிப்போயிருந்த ரெசின் துண்டு ஒன்றைக் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். கற்கண்டு மாதிரிப் படக்கென்று ஒடிந்தது.

"ரெண்டுல எதுண்ணா பலம்?"

"ரெண்டுமே ஒண்ணுமில்லாம கீது."

"இப்போ இதை ஒடி." எங்கள் படகிலிருந்து அறுத்தெடுத்த துண்டை நீட்டினார். இரண்டும் சேர்ந்து இறுகியது. அகலம் மூன்று விரல் இருக்கும். கையால் முயன்றேன், முழங்காலில் வைத்து முயன்றேன், பாறாங்கல்லில் சாய்த்து மிதித்தேன். வளைந்துவிட்டு நிமிர்ந்துகொண்டது.

"பல்லால கடிச்சிராதண்ணா, பல்லு போயிரும்" என்று சிரித்தார். "பனமரம் அறுத்த எடத்தைப் பாத்துருக்க இல்ல? கறுப்புக் கறுப்பா நாரு, சுத்தி மெத்து மெத்துனு சோறு. சோறு நாரை எடத்தை வுட்டு நகராம புடிச்சிக்குது, நாரு காத்தைத் தாங்குது. எத்தினி புயலு வந்துச்சு, எந்தப் பனை வுழுந்துச்சு? கர்த்தர் எப்பவோ செஞ்சுவெச்ச பைபருண்ணா அது."

"எங்க அம்மன் செஞ்சதுன்னு நான் சொல்லுவேன்."

"யாரு செஞ்சா இன்னா, புயலுக்கு நிக்குதா இல்லியா?"

அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தனியாக வளைந்துபோகிறது ஒன்று, தனியாக நொறுங்கிப்போகிறது ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கடலையே தாங்குகின்றன. குடும்பமும் அப்படித்தானே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் மறுபடி ஓரங்களைத் தேய்த்தார். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துப் பள்ளம் முழுவதையும் இரண்டு தரம் துடைத்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்து அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்கு எதிர்த்த சந்தில் ஒரு கடையில்தான் நல்ல தின்னர் கிடைக்கும் என்று என்னை அனுப்பி வாங்கிவரச் சொன்னது அதற்குத்தான்.

"நாஸ்தா துன்னுட்டு வந்து ரெசின் கலக்குறேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார்.

நான் தலையாட்டினேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மரப் படகுக் காலத்திலிருந்து வருவது. படகை அறுத்தால், பலகையைப் பிரித்தால், அந்த வெட்டுவாயை மூடுவதற்கு முன்பு கோயில் விளக்கிலிருந்து எடுத்த எண்ணெயை அதில் வைக்க வேண்டும். படகுக்கு அது காயம். காயத்துக்கு எண்ணெய் வைக்காமல் மூடினால் உள்ளே வலி தங்கிவிடும் என்பார்கள். மரத்துக்கு அது நல்லதும்கூட. எண்ணெய் இறங்கினால் தண்ணீர் இறங்காது.

மேஸ்திரி டீக்கடைப் பக்கம் திரும்பியதும் நான் கோயிலுக்கு ஓடினேன். சின்னக் கிண்ணத்தில் விளக்கு எண்ணெய் எடுத்துவந்தேன். அவர் வேறு சாமி கும்பிடுகிறவர், அவர் முன்னால் செய்தால் சங்கடப்படுவார் என்றுதான் மறைவாகச் செய்தேன். இன்று யோசித்தால் அதுவே முதல் தப்பு. மூன்று விரலை எண்ணெயில் தோய்த்து, நெற்றியில் விபூதி இடுவதுபோல, பள்ளத்தின் முன்பக்கச் சரிவில் பட்டையாக இழுத்தேன். என் படகு, என் மச்சான், என் பிள்ளைகளின் சோறு எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டேன். கண்ணீர் வந்தது. பளபளப்பாகத் தெரிந்தால் அவர் மனம் நோகுமே என்று தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஸ்திரி திரும்பி வந்ததும் கேட்டார். "யாரும் தொடலியேண்ணா?"

"இங்க யாரு வரப்போறா? யாரும் தொடல."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. சாமி எண்ணெய் வைப்பது தொடுவதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு பேச்சில் ஒரு நல்ல தொழிலாளியின் பெயரை நான் பணயம் வைத்துவிட்டேன் என்பதும் தெரியாது.

அவர் ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். மேட்டை விரித்து, பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி நனைத்து, சின்ன இரும்பு உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளினார். வெள்ளையாக இருந்த மேட் நனைந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்தது. ஒரு அடுக்கு மேட், ஒரு அடுக்கு நெய்தது, மறுபடி மேட். கிண்ணத்தில் மிச்சமிருந்த ரெசினைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை, தானாகவே சூடேறித் தானாகவே கல்லாகிறது. உள்பக்கம் அதே இடத்தில் குறுக்குக் கட்டை ஓடியதால் வெளிப்பக்கமாக மட்டும்தான் அடுக்க முடிந்தது. "இது போதும்ணா. இது புடிச்சிக்கிச்சின்னா இந்த எடம் மத்த எடத்தவிட கெட்டி" என்றார். நீலப் பெயிண்ட் அடித்ததும் எங்கே ரிப்பேர் நடந்தது என்று தேடவேண்டியிருந்தது.

தடை முடிந்து படகுகள் இறங்கின. இரண்டு நாள் நல்ல மீன்பாடு. மூன்றாம் நாள் சூரியன் ஏறிக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து வெகுதூரத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்தோம். என் காலில் தண்ணீர் பட்டது. வலையிலிருந்து வடிவது என்று நினைத்தேன். கணுக்கால் அளவு வந்தது.

"மாமா! அடியில பொங்குதுடா!" அவசரத்தில் என்னையே டா போட்டுவிட்டான் மச்சான்.

வலையை ஒதுக்கிப் பார்த்தால் குறுக்குக் கட்டைக்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. நான் அம்மனைக் கூப்பிட்டேன். மச்சான் கத்தியைக் கூப்பிட்டான். வலையின் மிதவையாகக் கட்டியிருந்த தெர்மாகோல் கட்டையை அறுத்து ஆப்பாகச் செதுக்கினான். அதைப் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றினான். தன் லுங்கியைக் கிழித்து மேலே சுற்றி, காலால் மிதித்து ஓட்டைக்குள் இறக்கினான். நைலான் கயிற்றைக் குறுக்குக் கட்டையோடு இழுத்துக் கட்டினான். பாதி நின்றது, பாதி வந்துகொண்டிருந்தது. வாய் வெட்டிய ஐந்து லிட்டர் கேனால் நான் இறைத்தேன். இரும்பு வாளியாக இருந்திருந்தால் கை எப்போதோ விட்டுப்போயிருக்கும். படகின் மூக்கிலும் பின்புறத்திலும் அடைத்திருந்த தெர்மாகோல் எங்களைத் தூக்கிப்பிடித்திருந்தது. பாதி நிறைந்தும் படகு மூழ்கவில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது அம்மன். அவள் கையில் எடுத்த ஆயுதம் எல்லாம் பிளாஸ்டிக்.

கரையில் கவிழ்த்தபோது மேஸ்திரி போட்ட ஒட்டு முன்பக்கம் வாயைப் பிளந்து தொங்கியது. பின்பக்கம் மட்டும் பிடித்திருந்தது. மச்சான் இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தான். பெரிய தட்டு மாதிரி ஒரே துண்டாக வந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மீன் ஏலக்கூடத்துக்குப் போய்விட்டான், கிழிந்த லுங்கியோடு.

"பாருங்கய்யா! உங்க ஆரம்பாக்கத்து மேஸ்திரி ஒட்டின லட்சணம்! அப்பளம் மாதிரி வந்துச்சு!"

அன்றைக்கே பேச்சு பரவியது. தடைக்காலத்தில் அவர் கை வைத்த படகு எங்கள் குப்பத்திலேயே ஏழெட்டு இருந்தது. "ரெசின்ல கலப்படம் பண்றான்" என்றார் ஒருவர். "நாலு நாள்ல உரியிற வேலை, உசுருக்கு உலை" என்றார் இன்னொருவர். ஊர்த் தலைவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இனி அந்த மேஸ்திரி எங்கள் குப்பத்தில் கால் வைக்கக் கூடாது, தோணிரேவுக்கும் மற்ற குப்பங்களுக்கும் ஆள் அனுப்பித் தகவல் சொல்ல வேண்டும். நானும் அங்கே நின்றேன், எனக்கும் கோபம்தான். சாவைப் பார்த்துவிட்டு வந்தவன். என் எண்ணெய் என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் காலை மேஸ்திரி தானாகவே வந்தார். தோணிரேவில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்ததாம், பாதியில் நிறுத்திவிட்டார்களாம். ஏலக்கூடத்தில் கூட்டம் கூடியது. அவர் யாரிடமும் வாதாடவில்லை.

"அந்தத் துண்டைக் குடுங்க. பாத்துட்டுப் போயிடுறேன்."

மச்சான் அதை அவர் காலடியில் போட்டான். அவர் உட்கார்ந்து, கவிழ்ந்திருந்ததைத் திருப்பினார். உள்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே போனார். நானும் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க முரடாக இருந்தது. எங்கள் படகின் பழைய கண்ணாடி இழைகளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவு பிடிமானம். முன்பக்கம் வழவழப்பாக, முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னியது.

"ஒரே ரெசின், ஒரே கலவை, ஒரே கை" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இங்க புடிச்சிருக்கு. இங்க புடிக்கல." விரலால் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "இங்க ஏதோ எண்ணெய்ப் பசை இருந்திருக்கு. எண்ணெயோ ஈரமோ இருந்தா ரெசின் எதையும் புடிக்காது. மேல படுத்துக்கினு மட்டும் இருக்கும்." தலை தொங்கிவிட்டது. "என் கிரைண்டர்லேருந்து கிரீஸ் தெறிச்சிருக்கும். நான் கவனிக்கல. என் தப்புதான். ரெண்டு உசுரு போயிருக்கும்."

அவர் எழுந்து கையைக் கூப்பினார்.

நான் மறுபடி அந்தத் துண்டைப் பார்த்தேன். அந்த வழவழப்பு முடிகிற இடத்தில் அதன் ஓரம் நேராக இல்லை. மூன்று வாலாகப் பிரிந்து, ஒன்று நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் முடிந்திருந்தது. பட்டை இழுத்து விரலை எடுத்த இடம். உலகத்தில் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் டூவீலரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், எந்தக் குப்பத்திலும் அவருக்கு வேலை இருக்காது. சொன்னால் இருபது வருடமாகக் கோயில் காரியத்தில் முன்னால் நிற்கிற என்னைப் பார்த்து ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும். பொய் சொல்ல மாட்டேன், மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் அவர் கூப்பிய கையைப் பார்த்தபோது தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"உன் கிரைண்டரு ஒண்ணும் பண்ணல மேஸ்திரி. நான்தான் எண்ணெய் வெச்சேன்."

தலைவர் திரும்பினார். "இன்னா எண்ணெய்?"

"கோயில் விளக்கு எண்ணெய். காயம் மூடுறதுக்கு முன்னால வெப்போம் இல்ல, அது. இவரு நாஸ்தாவுக்குப் போனப்போ வெச்சேன். தொடைச்சிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "தலைக்கு சீயக்காயும் போட்டியாண்ணா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. என் மனைவி மீன் டப்போடு ஓரத்தில் நின்றிருந்தாள். "வூட்ல தாளிக்க எண்ணெய் இல்லன்னு கத்தினா காதுல வுழாது. படகுக்கு மட்டும் பட்டை இழுப்பாரு!" என்றாள். மறுபடி சிரிப்பு. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் போயிருந்தா எங்க அக்காகிட்ட இன்னா சொல்லிருப்ப மாமா? அம்மன் எடுத்துக்கினான்னா?"



மேஸ்திரி என் பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் கேட்டேனேண்ணா. யாராவது தொட்டாங்களான்னு கேட்டேனே?"

"அது தொடுறதுன்னு எனக்குத் தோணல மேஸ்திரி. அது அம்மன் எண்ணெயி."

"உங்க அம்மனுக்குத் தெரியும்ணா. ரெசினுக்குத் தெரியாதே." சொல்லிவிட்டு முழுக்கைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெய் வேணாம்னு நானும் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். கெட்டியானப்புறம் எவ்ளோ வேணா வெய்யி. குளிப்பாட்டு. அதுக்கு முன்னால மட்டும் வேணாம்."

தகவல் போன குப்பங்களுக்கெல்லாம் நானே போய் என் வாயால் சொல்ல வேண்டும் என்றார் தலைவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் தோணிரேவுக்குப் போனேன். அங்கே வலைக்கூடத்தில் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இரண்டு பேர் முகம் மாறியதைக் கவனித்தேன். அப்போது அதன் அர்த்தம் விளங்கவில்லை.

நான் குப்பத்துக்குத் திரும்பியபோது மேஸ்திரி எங்கள் படகின் பள்ளத்தை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எண்ணெய் இறங்கிய ஆழம்வரை எடுக்க வேண்டும் என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றேன். அப்போது நாலு படகு தள்ளிக் கிடந்த படகின் சொந்தக்காரர் மெதுவாக வந்தார். ஏலக்கூடத்தில் கலப்படம் என்று பேசியவர் அவர்தான்.

"மேஸ்திரி, வேலை முடிஞ்சதும் என்னுதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போறியா?"

"உன்னுதுக்கு இன்னாண்ணா? நல்லாத்தான் இருந்துச்சு."

"இல்ல... சும்மா. என் வூட்டுக்காரி நெய் தொட்டு வெச்சாளாம். இப்பத்தான் சொல்றா."

அவர் போனதும் இன்னொருவர் வந்தார். "நான் எண்ணெய் எல்லாம் வெக்கலப்பா. வெறும் பன்னீர்தான். மஞ்சள் கொஞ்சம் கொழைச்சி."

மேஸ்திரி கிரைண்டரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு, பிறகு பயம். எந்தெந்தப் படகு நாளைக்குக் கடலுக்குப் போகிறது என்று கேட்டார். எல்லாமே போகிறது என்றேன்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை வரிசையாகக் கிடந்த படகுகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் நடந்தோம். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்து, தான் ஒட்டிய இடங்களில் ஓரமாகத் தட்டிக்கொண்டே வருவார். நன்றாகப் பிடித்த இடம் வெண்கலப் பாத்திரம் மாதிரி டங் டங்கென்று பேசும். பிரிந்த இடம் பறங்கிக்காய் மாதிரி டொக்கென்று சொல்லும். நல்ல சத்தம் வந்தால் படகுக்காரர் பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுவார். டொக்கென்றால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார் மேஸ்திரி. வட்டம் விழுந்த படகுகள் மறுநாள் போகக் கூடாது என்று ஏற்பாடு. அந்த நாணயச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியாத பிரிவு காதுக்குத் தெரிகிறது. இறுகிப்போன ஜடம் என்று நினைத்த பொருள் கேட்டால் உண்மை சொல்கிறது, என்னைக் கேட்டும் நான் சொல்லாததை.

கடைசியாகத் தலைவர் படகுக்கு வந்தோம். அவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நம்முளுது வேணாம் மேஸ்திரி. நம்முளுது நல்லா கீது."

"ஒரு தட்டுதாண்ணா."

தலைவர் நகர்ந்தார். மேஸ்திரி தட்டினார். டொக். ஒரு முழம் தள்ளித் தட்டினார். டொக். தலைவர் கடலைப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாண்ணா வெச்ச?" என்று கேட்டேன். எனக்குக் கேட்க உரிமை இருந்தது.

"பாலுதாம்பா" என்றார் மெதுவாக. "அபிஷேகப் பாலு. ஒரு சொம்பு."

மேஸ்திரி சாக்பீஸை எடுத்தார். அன்று அவர் போட்ட வட்டங்களில் அதுதான் பெரியது.